நாற்பதுகள் யாருடையவை?

மார்கழி கச்சேரி சீசனில் சபா கேன்டீனில் தவறாமல் மூளும் சண்டை இது: எந்தப் பத்தாண்டு யாருடையது? நாற்பதுகள் பாடகர் ஜி.என்.பி.க்குத்தான் என்று ஒருவர் முடிப்பதற்குள், "அப்போ ராஜரத்தினம் பிள்ளையை எங்கே சார் வைப்பீங்க?" என்று பக்கத்து மேசை எகிறும். அடை ஆறிப்போகும்.

யாருக்குக் கூட்டம் சேர்ந்தது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் தீர்ப்பு எழுதுகிறோம். என் கணக்கு வேறு. ஒருவர் பாடியபின் மற்றவர்கள் பாட்டு எப்படி மாறிற்று? ஜி.என்.பி.யின் அதிவேக பிருகாக்களைப் பிடிக்க ஒரு தலைமுறையே தொண்டையைப் பழக்கியது; சந்தேகமில்லை. ஆனால் அந்த பிருகாக்களில் ஓடுவது நாகஸ்வரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டவர்களுக்கு அது புரியும். சபாக்காரர்கள் வாய்ப்பாட்டையே மையமாக வைத்ததால் கோயில் வாசல் வித்வான் பட்டியலில் பின்னால் நிற்கிறார். எனக்கு அதில் கோபம் உண்டு.

பாட்டை மாற்றியது மைக்தான் என்பவர்களும் உண்டு. மைக் வருமுன் கடைசி வரிசைக்கும் கேட்க உச்சத்தில் கத்த வேண்டியிருந்தது. வந்தபின் சுருதி இறங்கியது, நுணுக்கம் எட்டியது. அதற்கும் ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

என் ஓட்டு அரியக்குடி ராமானுஜ அய்யங்காருக்கு. 1890-இல் பிறந்து 1967-இல் மறைந்தவரை எந்தக் கட்டத்தில் அடைப்பது? "அவர் பாட்டுல மின்னல் ஏது சார்?" என்பார்கள். இல்லைதான். விறுவிறுப்பான மத்திமகாலம், அளவான ஆலாபனை. ஆனால் வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கிருதிகளில் சூடேற்றி, பிரதான ராகம், பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்று இன்று மேடையேறும் சின்னப் பெண்வரை பின்பற்றும் வரிசை அவர் நிலைநிறுத்தியது. எல்லோரும் அதையே செய்வதால் அது ஒருவருடைய கைவேலை என்பதே மறந்துபோயிற்று. ஜி.என்.பி.யைப் போலப் பாடுகிறான் என்று ஒருவனைச் சொல்ல முடிகிறது. அரியக்குடியைப் போலக் கச்சேரி செய்கிறான் என்று யாரைத்தான் தனியாகச் சொல்வது?

ஜி.என்.பி. கட்சிக்காரர்கள் உடனே எம்.எல்.வசந்தகுமாரியைக் கொண்டுவருவார்கள். ஜி.என்.பி.யின் சிஷ்யை அவர், அந்த வழியில் சுதா ரகுநாதன். பாணி பல பத்தாண்டு தாண்டி வந்திருக்கிறதே என்பார்கள். நியாயமான வாதம். ஆனால் அதே எம்.எல்.வி.யின் குரலில் மார்கழி விடியலில் ஒலிக்கும் திருப்பாவைக்கு மெட்டமைத்தவர் அரியக்குடி.