ஃபியூனரல் – சாவுகளுக்கு நடுவே ஒரு ஆல்பம்

முதல் முழு ஆல்பத்துக்கே 'இறுதிச் சடங்கு' என்று பெயர் வைக்க யாருக்காவது மனசு வருமா? கனடாவின் மான்ட்ரியல் நகரத்து ஆர்கேட் ஃபயர் குழுவுக்கு வந்தது. காரணம் இருக்கிறது. 2003 ஜூனில் பாடகி ரெஜீன் ஷசான்யின் பாட்டி இறந்தார். 2004 பிப்ரவரியில் வின், வில் பட்லர் சகோதரர்களின் தாத்தா ஆல்வினோ ரே போனார். அந்தக்கால ஸ்விங் இசைக்கலைஞர். ஏப்ரலில் ரிச்சர்ட் பாரியின் குடும்பத்திலும் ஒரு சாவு. அந்த செப்டம்பரில் மெர்ஜ் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டதுதான் 'ஃபியூனரல்'. மொத்தம் 10 பாட்டு.

ஒப்பாரியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்! கிடார், டிரம்ஸோடு வயலின், அக்கார்டியன் எல்லாம் சேர்ந்துகொள்ள, கூட்டமாகக் கத்திப் பாடுகிறார்கள். 'வேக் அப்' பாட்டில் எல்லோரும் சேர்ந்து எழுப்பும் குரலுக்கு வார்த்தையே கிடையாது. துக்கம் தொண்டையை அடைக்கும்போது வார்த்தை எங்கே வரும்?

'ஹெய்ட்டி' வேறு மாதிரி. ரெஜீனின் பெற்றோர் டுவாலியே ஆட்சிக்குத் தப்பி அங்கிருந்து ஓடி வந்தவர்கள். அவர் பிறந்ததோ மான்ட்ரியலில். தான் வாழாத நாட்டின் சாவுகளைப் பாடுகிறார், மெட்டு மட்டும் கடற்காற்று மாதிரி இதமாக இருக்கிறது. அதுதான் ரொம்ப வலிக்கிறது...

புதிதாகக் கேட்பவர்கள் 'வேக் அப்'பில் ஆரம்பியுங்கள். சத்தமாக வைத்து!