மண்டபத்துலயே பாத்துக்கலாங்க ஐயா

எனக்கு வரும் கல்யாணத் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை பத்திரிகை அச்சாகி வந்த பிறகு வருபவை. "ஐயா, தலைமைன்னு உங்க பேரைப் போட்டுட்டோம். முகூர்த்தம் ஆறுலேருந்து ஏழரை. அஞ்சரைக்கு வந்துட்டீங்கன்னா போதும். மத்ததெல்லாம் மண்டபத்துலயே பாத்துக்கலாம்." பேசுபவர் பெண்ணின் அப்பாவாக இருப்பார், இல்லையென்றால் தாய்மாமன். பெண்ணும் பையனும் என்னிடம் பேசுவதே இல்லை.

சமையல்காரரை யாரும் இப்படி அமர்த்துவதில்லை. அவர் சமைத்த இன்னொரு கல்யாணத்துக்குப் போய் ரசம் வரைக்கும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள். போட்டோகாரரிடம் பழைய ஆல்பம் கேட்கிறார்கள். மேடையில் நின்று அந்த இரண்டு பேரையும் கணவன் மனைவி என்று ஊருக்குச் சொல்லப்போகிறவனை மட்டும் முகம் பார்க்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள். ஐயரை வைத்தாலும் இதே கதைதான், என்னைப் போலத் தமிழ் வாத்தியாரை வைத்தாலும் இதே கதைதான்.

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். திருவாரூர், மன்னார்குடி வட்டாரத்தில் தமிழ்முறைத் திருமணங்களை நடத்தி வைக்கிறேன். ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்றால், கொள்கை பாதி, மைக் ஆசை பாதி. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு எதிரில் உட்கார்ந்து கேட்க ஆளில்லாமல் போவது எத்தனை பெரிய இழப்பு என்று இன்னொரு வாத்தியாருக்குத்தான் தெரியும். கட்டணம் என்று எதுவும் கேட்பதில்லை. போக்குவரத்துச் செலவும் ஒரு பொன்னாடையும் கொடுப்பார்கள். பீரோவில் பொன்னாடை வைக்க இடமில்லாமல் என் மனைவி அதில் ஒன்றைத் தையல் மிஷினுக்கு உறையாகப் போட்டிருக்கிறாள்.

என் கல்யாணத்தை நடத்தி வைத்தவரோ ஓர் ஐயர். 1983, மாமனார் ஊர். அவரை முதன்முதலில் மணவறையில்தான் பார்த்தேன். அன்று பக்கத்து ஊரில் அவருக்கு இன்னொரு முகூர்த்தம் இருந்தது. ஓமப் புகையில் கண் எரிய, அவர் சொன்னதை நானும் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெட்டிமேளத்துக்குச் சரியான நேரத்தில் கை காட்டினார், தாலி கட்டினேன், முடிந்தது. மாப்பிள்ளை தூங்கி வழிந்தாலும் அரசாணிக்கால், ஓமம், தாரை வார்த்தல் என்று சடங்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நடத்துகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் பெரிய சேதமில்லை.

எங்கள் முறையில் அந்த வசதி கிடையாது. நெருப்பு இல்லை, அம்மி இல்லை. இரண்டு மாலை, ஒரு தாலி, இரண்டு வாக்கியம். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லப்போவது யார், அவர்களால் சொல்ல முடியுமா, எப்படிச் சொன்னால் அவர்களுக்குப் பொருந்தும் என்பதுதான் முழுக் கல்யாணமும்.

இந்த இரண்டு வாக்கியத்துக்காக நடந்த போராட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தது 1928-இல். கால் நூற்றாண்டு கழித்து, 1953-இல், சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்களில் பேரன் பேத்தியே பிறந்திருந்தார்கள். அண்ணா ஆட்சிக்கு வந்த 1967-இல்தான் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம், முன்பு நடந்த கல்யாணங்களும் செல்லும் என்றது. உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலாவது இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். புரோகிதர் வேண்டியதில்லை. கறாராகப் பார்த்தால் தலைமை என்று ஒருவரும் வேண்டியதில்லை, நான் உட்பட.

அந்த "அல்லது" உண்மையாகப் பயன்படும் என்று நான் நினைத்தது ஒரே ஒரு பையன் விஷயத்தில்.

குடும்பமாக என் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பேசினார், சித்தப்பா பேசினார், மண்டபத்தின் ஏ.சி. பற்றியெல்லாம் பேச்சு ஓடியது. மாப்பிள்ளைப் பையன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல, "பெரியவங்க காபி சாப்பிடுங்க, நீங்க ரெண்டு பேரும் திண்ணைக்கு வாங்க" என்றேன். திண்ணையில் பெண்தான் ஆரம்பித்தாள். "ஐயா, இவருக்குப் பேச்சு திக்கும். மேடையில நெறைய பேர் முன்னாடி ரொம்ப திக்கும். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு மாமா சொல்லியிருக்காங்க."

சட்டம் தெரிந்த பெருமையில் நான் உடனே, "இவ்வளவுதானே? மாலை மாத்தினாலே கல்யாணம் செல்லும் தம்பி, ஒரு வார்த்தையும் பேச வேணாம்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் முயன்று சொன்னான்: "இ... இல்லைங்க ஐயா. நா... நான் சொல்லணும்."

உள்ளேயிருந்து பென்சிலும் உறுதிமொழித் தாளும் எடுத்து வந்தேன். எந்த எழுத்து தடுக்கிறது என்று கேட்டேன். த, ப, க. அவன் பெயரே ப-வில்தான் தொடங்கும். அதனால் பெயரைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். சரி, பெயர்களை நான் சொல்லிவிடுகிறேன் என்று அந்த வரியை அடித்தோம். நான் பெருமையாக எழுதி வைத்திருந்த "வாழ்க்கைத் துணைவி" போய் "மனைவி" வந்தது. "இன்ப துன்பங்களில்" போய் "எல்லாவற்றிலும்" வந்தது. என் தமிழ்நடை வரிவரியாகக் கழிந்துகொண்டிருந்தது. மனசுக்குள் கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் அந்தப் பெண், "ரெண்டு பேரும் சேர்ந்தே சொன்னா என்ன ஐயா?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் வகுப்பறை ஞாபகம் வந்தது. தனியாக எழுப்பிக் கேட்டால் ஒரு சொல்கூட வராத பையன்கள், செய்யுளை வகுப்போடு சேர்ந்து சொல்லும்போது தடங்கலே இல்லாமல் சொல்வார்கள். பாட்டிலும் அப்படித்தான். பேச்சுப் பயிற்சி அளிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆகவே இருவருக்கும் ஒரே வாக்கியமாக எழுதினோம்: "நாங்கள் இருவரும் இன்று முதல் ஒருவரை ஒருவர் மனைவியாகவும் கணவனாகவும் ஏற்கிறோம்." திண்ணையிலேயே சொல்லிப் பார்த்தார்கள். உள்ளே ஏ.சி. பேச்சு நின்றுவிட்டது.

பையனின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்குங்க வம்பு? நீங்களே சொல்லிடுங்க, அவன் தலையாட்டட்டும்" என்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன் பட்டதையெல்லாம் பார்த்தவர், மேடையில் இன்னொரு முறை பார்க்கப் பயந்தார். ஆனால் பையன் கேட்டது அதுவல்ல.

கல்யாணத்தன்று "கணவனாகவும்" என்ற சொல்லில் க வந்ததும் அவனுக்கு நின்றது. அவளும் அங்கேயே நின்றாள். பிறகு சேர்ந்து முடித்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் கவனிக்கவேயில்லை. வீடியோகாரர் கிரேன் கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தார், எல்லோரும் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தவில்காரருக்குக் கை காட்டினேன்.

இதை மண்டபத்தில் பார்த்துக்கொள்ள முடியுமா? விடியற்காலை ஐந்தரைக்கு, பூ அலங்காரம் முடியாமல், மேக்கப் அறையிலிருந்து பெண் வராமல், நாதஸ்வரம் ஒருபக்கம் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் வந்து "எனக்குப் பேச்சு திக்கும்" என்று சொல்வானா? மணமேடை எதையும் சொல்லக்கூடிய இடமில்லை. சொல்ல வேண்டியது ஒரு வாரம் முன்னாலேயே யாராவது ஒருவர் காதில் விழுந்திருக்க வேண்டும். நான் முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

திண்ணையில் வரும் சமாசாரங்கள் பெரிதாகவும் இருக்கும், சின்னதாகவும் இருக்கும். ஒரு பெண், "ஐயா, வாழ்க்கைத் துணைநலம் அதிகாரம் சொல்வீங்களா? அந்த மழைக் குறளை மட்டும் விட்டுடுங்க" என்றாள். எந்தக் குறள் என்று உங்களுக்கே தெரியும். பரிமேலழகரை வைத்து அவளுக்கு விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, கல்யாணம் அவளுடையது என்று தோன்றி, அன்புடைமை அதிகாரத்துக்கு மாறினேன். அதுவே இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவளே இன்னொன்றும் கேட்டாள்: "எவ்வளவு நேரம் பேசுவீங்க?" பத்து நிமிடம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏழு?" என்றாள்.

இன்னொரு பெண், "பத்திரிகையில அப்பா பேர் இருக்கும். மைக்ல சொல்லாதீங்க" என்றாள். எங்கள் முறையில் "இன்னாரின் மகள்" என்று அறிவிப்பது உண்டு. அவள் அப்பா உயிரோடு இருக்கிறார், வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு. ஊர் வாய்க்குப் பயந்து பெரியப்பா பத்திரிகையில் அவர் பெயரை அச்சடித்திருந்தார். நான் அம்மாவின் பெயரை மட்டும் சொன்னேன், தாலித் தட்டையும் அந்த அம்மாவிடமே கொடுத்து எடுத்துத் தரச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். அகநானூற்றின் 86-ஆம் பாட்டைப் படித்தவன் நான். பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டி வாழ்த்துவதுதான் அந்தக் கல்யாணத்தின் நடுநாயகமான சடங்கு. அங்கே புரோகிதரைக் காணோம், தலைமைச் சொற்பொழிவாளரையும் காணோம். மணமக்களைத் தீவலம் செய்விக்கும் முதிய அந்தணரைச் சிலப்பதிகாரத்தில்தான் பார்க்கிறோம். அந்தக் கல்யாணம் என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

நேரில் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் என் சொந்தப் பயம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெற்றோரை மட்டும் பிடிப்பதில்லை. நடத்தி வைத்தவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. சான்றிதழை நான் கையில் வாங்கிப் பார்ப்பேன். "அதெல்லாம் அப்புறம் தரோம் ஐயா" என்ற ஒரு வீட்டுக்கு நான் போகவில்லை. அவர்கள் வேறு யாரையோ வைத்து நடத்தினார்களா, தெரியாது.

சம்மதத்தைப் பற்றியும் கேட்பேன், பெண்ணைத் தனியாக. அரை மணி நேரத்தில் முன்பின் தெரியாத கிழவனிடம் ஒரு பெண் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நான் நம்பிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் கேட்காமல் மேடையேற மனசு வருவதில்லை.

ஐயரை வைத்துச் செய்கிறவர்களும் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சாமான் பட்டியல் வாங்கவும் தட்சிணை பேசவும் மட்டும் போகாதீர்கள். அவரே வருவாரா, உதவியாளை அனுப்புவாரா? மந்திரத்தின் பொருளை நடுநடுவே சொல்வாரா? அம்மா மட்டும் இருக்கிற வீடு என்றால் தாரை வார்க்க யாரை உட்காரச் சொல்வார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரிந்துவிடும். எரிந்து விழாமல் யோசித்துப் பதில் சொல்கிற ஐயர்களை நான் பார்த்திருக்கிறேன். தலைமைக்கு அரசியல் பிரமுகரைப் போடுகிற வீட்டாருக்குத்தான் என்னிடம் யோசனை எதுவும் இல்லை. அவரை முன்கூட்டியும் பார்க்க முடியாது, முகூர்த்தத்திலும் பார்க்க முடியாது.

இப்போது கையில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பையனுக்கு ஹைதராபாத்தில் வேலை, பெண்ணுக்குப் பெங்களூர். பெண்ணின் அப்பா, "வீடியோ கால் போட்டுடலாங்க ஐயா" என்கிறார். வீடியோ காலில் பேசுகிற பெண்ணுக்குப் பக்கத்தில், படத்தில் விழாமல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரம் எல்லோரும் கும்பகோணத்துக்குப் பட்டு எடுக்க வருகிறார்களாம். ஜவுளிக்கடையில் எப்படியும் நான்கு மணி நேரம் ஆகும். அதில் அரை மணி நேரம், இரண்டு பேரை மட்டும் அனுப்பி வையுங்கள், நான் கும்பகோணத்துக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பெண் "சரிங்க ஐயா, எனக்கும் ஒண்ணு கேக்கணும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அப்பாவிடமிருந்துதான் இன்னும் பதில் வரவில்லை.