அம்மா பார்க்காத கேரளா



கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த நமக்குக் கேரளா ஒன்றும் தூர தேசம் இல்லை. வாசலில் நின்றால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம்தான். என் அம்மா இருபது வருஷமாக அங்கே போய் வருகிறார். விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினால், கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். காய் எடுத்து, களை வெட்டிப் பொழுது சாயத் திரும்புவார். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் டிப்ளமோ படிக்க வந்தேன்.

மூன்றாம் ஆண்டில் எங்கள் எலக்ட்ரிக்கல் வகுப்பு மூன்று நாள் சுற்றுலா கிளம்பியது. "பேர் குடுக்கட்டுமாம்மா?" என்று தயங்கிக் கேட்டேன். பத்து நாள் கூலியை எண்ணி என் கையில் வைத்தார். "போயிட்டு வாய்யா. கடல் எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷம் கேரளா போன என் அம்மா கடலையே பார்த்ததில்லை!

கேரளா சின்ன மாநிலம். 14 மாவட்டம், 38,863 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அகலமான இடத்திலும் மலைக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 120 கி.மீ.தான். ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் எத்தனை எத்தனை!

லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைத் தாண்டி பஸ் மலை ஏறியது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்த பிறகுதான் மேற்கே போன தண்ணீர் மலையைக் குடைந்து நம் பக்கம் திரும்பியது. நம் இருபோக நெல்லும், லோயர் கேம்ப் கரண்டும் அந்தத் தண்ணீர்தான்.

குமுளி சுமார் மூவாயிரம் அடி உயரம். அங்கிருந்து கோட்டயம் போகிற ஒரே ரோட்டில் பயிர் மாறிக்கொண்டே வருகிறது. குமுளியில் ஏலமும் மிளகும், பீர்மேட்டில் தேயிலை, முண்டக்கயத்தில் ரப்பர், கீழே இறங்க இறங்கத் தென்னை. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளாவோடு நின்றன; கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தன. கோடு போட்டாலும் கூலிக்குப் போகிற ஜீப் நிற்கவில்லை. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையால் எல்லை அடைபட்டபோது நின்றது. அம்மா இப்பவும் சொல்வார்: "அங்கிட்டு எடுக்க ஆளில்லாமக் காய் செடியிலயே கெட்டுச்சு. இங்கிட்டு அடுப்பு எரியல."

சிவில் நண்பர்களே, நீங்கள் அவசியம் பார்க்க வேண்டியது தண்ணீர்முக்கம் தடுப்பணை. குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. கோடையில் ஷட்டரை இறக்கி, வேம்பநாட்டுக் காயலில் உப்புத் தண்ணீர் ஏறாமல் காக்கிறார்கள். ஆனால் மீன் வந்து போகிற வழியும் அடைபடுகிறதே என்பது மீனவர்களின் வருத்தம். ஒருவர் பயிருக்கு நல்லது இன்னொருவர் வலைக்குக் கஷ்டம்!

ஆலப்புழையில் வீட்டுப் படகு வாடகை நமக்குக் கட்டாது. அரசு நீர்ப் போக்குவரத்துத் துறை படகில் ஏறுங்கள். பஸ் டிக்கெட் மாதிரி சில்லறைதான். காயல் அதே காயல்தான். சாயங்காலம் கடற்கரை. சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு கடல். நண்பர்கள் ஓடிப் போய் அலையில் குதித்தார்கள். நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

மறுநாள் கொச்சி. மெக்கானிக்கல்காரர்களுக்குச் சீன வலை: கயிற்றில் கட்டிய கல்லின் எடையில் அவ்வளவு பெரிய வலை ஏறி இறங்குகிறது. எங்களுக்கு வாட்டர் மெட்ரோ: 2023-ல் தொடங்கிய பேட்டரிப் படகு. வாஸ்கோடகாமாவை 1524-ல் புதைத்த தேவாலயமும், 1568-ல் கட்டிய யூதர் கோயிலும் ஒரே ஊரில்! அந்தக் கோயிலுக்குப் போகிற மட்டாஞ்சேரித் தெருவில் ஒரு வாசம் என்னை நிறுத்தியது. ஏலக்காய். ராத்திரி வேலை முடிந்து வரும் அம்மாவின் சேலை வாசம். ஐம்பது கிராம் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மூணாறு வழியாகத் திரும்பினோம். கொச்சியிலிருந்து தேனி வழியாகப் போகிற அதே நெடுஞ்சாலை. நேரியமங்கலத்தில் 1935-ல் திறந்த வளைவுப் பாலம், கீழே பெரியாறு. "டேய், நம்ம ஆறுடா!" என்று பஸ்ஸே கத்தியது. மூணாறு தேயிலை மலைகளைத் தாண்டி, போடிமெட்டில் இறங்கி வீடு வந்தேன்.

"கடல் எப்பிடிய்யா இருந்துச்சு?"

"பெருசாம்மா" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். பிரித்து முகர்ந்தவர் சிரித்துவிட்டார்.

"ஏய்யா, நாங்க பறிச்சதக் காசு குடுத்தா வாங்கிட்டு வந்த?"

நண்பர்களே, வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் ஆலப்புழைக்கு இரண்டு டிக்கெட் எடுப்பேன். ஜன்னல் சீட்டு அம்மாவுக்கு.