தேய்கிற ஓரம்

பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் அதைப் போட்டவரின் நடை தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஹீலின் பின்பக்க வெளி ஓரம்தான் முதலில் தேயும். அடி எடுத்து வைக்கையில் பாதம் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்து, அந்த மூலையில்தான் தரையைத் தொடுகிறது. உடலின் எடை உள்பக்கம் உருண்டு பெருவிரலுக்குப் போவது அதற்குப் பிறகு. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை ஒரே இடத்தில் மோதல். மேல்தோல் பளபளப்பாக இருக்கும், தையல் ஒன்றுகூட விட்டிருக்காது. இரண்டு விரல் அகலமுள்ள அந்த ஓரம் மட்டும் போயிருக்கும். அந்த ஓரத்துக்காக முழு ஷூவும் குப்பைக்குப் போகிறது.

பொதட்டூர்பேட்டைக் கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரின் வேலையில் பாதி, அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் நடக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர் இது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். தெருவுக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். பெரியவரின் முதலீடு ஒரு மரப்பெட்டி, ஒரு சாக்கு, ஒரு குடை. பெட்டிக்குள் சுத்தி, குறடு, தோல் சீவும் கத்தி, குத்தூசி, மெழுகு ஏற்றிய நூல், சொல்யூஷன் டப்பா, அளவு வாரியாகப் பிரித்த ஆணிகள். ஷூவை மாட்டி அடிக்க ஓர் இரும்புக் கால்.

நான் போயிருந்த நேரத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி ஹீல்ஸ் செருப்பில் ஒற்றைக் காலை மட்டும் கழற்றி நீட்டினாள். ஹீலின் அடியில் இருக்கும் டாப் பீஸ் என்ற சின்னத் துண்டு தேய்ந்து, உள்ளிருந்த இரும்பு முனை தரையில் உரசிக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“ரெண்டு காலையும் குடு பாப்பா. ஒண்ண மட்டும் மாத்துனா நடை கோணும்.”

“அது நல்லாத்தான இருக்கு தாத்தா?”

“இதுக்கு நாலு மில்லி உசரம் ஏறும். அது அப்படியே இருக்கும். சாயங்காலம் இடுப்பு வலிக்குதுன்னு நீதான் சொல்லுவ.”

குறடால் பழைய துண்டைக் கவ்வி ஓர் இழுப்பு. ஆணியோடு வந்தது. பெட்டியிலிருந்த துண்டுகளில் அளவு பார்த்து ஒன்றை எடுத்தார், துளையில் பொருத்தினார், இரும்புக் காலில் கவிழ்த்து மூன்று அடி. பக்கத்தில் பிதுங்கியதைக் கத்தியால் சீவி விட்டார். அடுத்த காலுக்கும் அதே வேலை. மாணவி வாங்கிய குளிர்பானம் தீர்வதற்குள் இரண்டும் முடிந்துவிட்டன.

இந்தச் சுலபம் அவருடைய கைத்திறமையால் மட்டும் வந்ததில்லை. அந்த ஹீலை வரைந்தவரும் இதை நினைத்திருக்கிறார். ஒல்லியான ஹீல் கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. ஒடியாமலிருக்க நடுவே எஃகுக் குழாய் ஓடுகிறது. டாப் பீஸின் ஆணி அந்தக் குழாய்க்குள்தான் போய் இறுகுகிறது. தேய்வதற்கென்று தனித்துண்டு, அது கழல்வதற்கென்று ஒரு துளை. பெண்களின் ஹீல்ஸ் செருப்பில் எப்போதோ தீர்ந்துபோன இந்தக் கணக்கு, ஆண்களின் ஷூவிலும் தொழிலாளர்களின் பூட்டிலும் பின்னோக்கிப் போயிருக்கிறது.

அதைப் பெரியவர் எனக்குக் காட்டினார். தேய்ந்த ஷூ கைக்கு வந்ததும் விரல் முட்டியால் ஹீலைத் தட்டிப் பார்க்கிறார். கெட்டியான சத்தம் வந்தால் தோல் அடுக்கியது, அல்லது கட்டி ரப்பர். அதில் ஆணி நிற்கும், தேய்ந்த மூலையைச் சாய்வாகச் சீவி ஆப்பு போல ஒரு ரப்பர் துண்டு ஒட்டலாம். டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வெளியே ஓர் ஓடு, உள்ளே தேன்கூடு போன்ற மெல்லிய தடுப்புகள். எடையும் செலவும் குறைய அப்படி வார்க்கிறார்கள். ஓடு தேய்ந்து ஓட்டை விழுந்த நாளிலிருந்து மழைத் தண்ணீரும் சரளைக்கல்லும் உள்ளே புகும். “ஆணி எதுல நிக்கும் தம்பி? காத்துலயா?” என்றார். அப்படி வரும் ஷூவில் ரப்பர் சீவல்களைத் திணித்துச் சொல்யூஷன் ஊற்றி, மேலே ஷீட் ஒட்டி அனுப்புகிறார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை.

ஹீல் என்பது அழகுக்காகப் பிறந்ததுமில்லை. அங்கவடியில் கால் நழுவாமல் எழுந்து நின்று அம்பு எய்யப் பாரசீகக் குதிரை வீரர்களுக்கு அது உதவியது. 16ஆம் நூற்றாண்டின் முடிவில் அங்கிருந்து ஐரோப்பிய ஆண்களின் காலுக்கு ஏறியது, பெண்களின் காலுக்கு வந்தது பிறகு. இன்றும் ஏணிப்படியில் பூட் வழுக்காமல் பிடித்துக்கொள்ள உதவுவது ஹீலின் முன்சுவர்தான்.

தேய்மானத்துக்கு விடை தேடியவர்களில் ஹம்ப்ரி ஓ’சல்லிவன் பெயர் நிலைத்திருக்கிறது. அமெரிக்காவின் லோவெல் நகரத்தில் அச்சகத் தொழிலாளியாக இருந்த ஐரிஷ்காரர். நாள் முழுக்கக் கல்தரையில் நின்று கால் கடுத்ததால் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் நின்றாராம். விரிப்பைக் கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு போகவே, அதில் இரண்டு துண்டு வெட்டித் தன் பூட்டின் ஹீலில் ஆணியடித்துக்கொண்டார் என்பார்கள். 1899இல் ரப்பர் ஹீலுக்குக் காப்புரிமை பெற்றார். நின்று வேலை செய்தவனின் வலியிலிருந்து வந்த வடிவமைப்பு என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

அதே காலத்தை ஒட்டி இங்கிலாந்தில் வுட் மில்ன் போன்ற பெயர்களில் சுழலும் ரப்பர் ஹீல்கள் விற்றன. வட்டமான ரப்பர் வில்லை, நடுவே ஒரே திருகாணி. நடக்க நடக்க வில்லை கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று, தேய்மானம் ஒரே மூலையில் விழாமல் சுற்றிலும் பரவும். நல்ல யோசனைதான். ஆனால் ஹீல் வட்டமில்லையே. வில்லைக்கு வெளியே மூலைகள் மிஞ்சும், வில்லையும் ஹீலை விட்டுத் துருத்தி நிற்கும்.

நம்மூரில் இதற்கு லாடம் அடித்தார்கள். போலீஸ்காரர் பூட்டிலும் ராணுவ பூட்டிலும் குதிரைக்கு அடிப்பது போலவே வளைந்த இரும்பு. தேய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறு அடிக்கலாம். சிமெண்டுத் தரையும் மொசைக்கும் வந்தபின் லாடம் வழுக்கியது. பொதட்டூர்பேட்டைப் பெரியவரின் பெட்டியில் இன்னும் சில லாடங்கள் துருவேறிக் கிடக்கின்றன. கேட்க ஆளில்லை.

இந்நூற்றாண்டில் பாரிசிலிருந்து தான்யா ஹீத் என்ற கனடாக்காரர் கொண்டுவந்த காலணி பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினால் ஹீல் முழுதாகக் கழன்று வரும். காலையில் உயரம், மாலையில் தாழ்வு. பொறியியலாக அது சாதனையேதான். ஒவ்வொரு ஷூவும் ஒரு குறிப்பிட்ட ஹீல் உயரத்துக்கென்றே செதுக்கிய லாஸ்ட் என்ற கால்வடிவ அச்சின் மேல் இழுத்துத் தைக்கப்படுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்க நடுவில் வைக்கும் எஃகுப் பட்டையும் அந்தக் கோணத்துக்கே வளைக்கப்படும். உயரத்தை மாற்றினால் முன்பக்கம் தூக்கும், அல்லது உடல் முன்னால் தள்ளப்படும். அதைத் தாண்டி ஒரே செருப்பில் பல உயரங்களைச் சாத்தியமாக்கியது எளிதல்ல. ஆனால் அதில் அந்த நிறுவனத்தின் ஹீல் மட்டுமே பொருந்தும். பள்ளிப்பட்டு வட்டத்தில் ஒருவர் அதை வாங்கிப் போட்டு ஹீல் தேய்ந்தால் என்ன செய்வார்? எந்த ஊரில், யார் கையால், எந்தக் கருவியால் மாற்ற முடியும் என்பதைச் சேர்த்து யோசிக்காத ஹீலை மாற்றத்தக்க ஹீல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதைப் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. விசைத்தறியில் பிக்கர் என்றொரு சின்னப் பாகம் உண்டு. ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு அடித்துத் தள்ளுவது அதுதான். நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் நாடா பாயும் தறியில், அத்தனை அடியும் இரண்டு பக்கப் பிக்கர்களின் மேல் விழுகிறது. முன்பு எருமைத் தோலை அடுக்கி அழுத்திச் செய்தார்கள், இப்போது நைலானிலும் பிளாஸ்டிக்கிலும் வருகிறது. குழி விழுந்த பிக்கரைத் தறிக்காரரே கழற்றி வேறு போட்டுக்கொள்கிறார். பிக்கர் தேய்ந்துவிட்டது என்று யாரும் தறியை எடைக்குப் போடுவதில்லை.

மாவட்டத்தின் மறுகோடியில், சென்னையிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ஆலைகள். வேலை மாறும் நேரத்தில் வாசலில் நின்றால் வரிசையாகக் கறுப்புப் பாதுகாப்பு ஷூக்கள்தான் கண்ணில் படும். இந்த ஷூவுக்கு ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. முன்பக்க இரும்புத் தொப்பி 200 ஜூல் மோதலையும் 15 கிலோ நியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். விரலைக் காக்க இவ்வளவு கணக்கு இருக்கிறது. ஹீலைப் பிரித்து மாற்றத்தான் வழியில்லை. தைத்து முடித்த மேல்பாகத்தை அச்சில் மாட்டிப் பாலியூரித்தேனைப் பீய்ச்சி வார்க்கிறார்கள். சில நிமிடங்களில் சோலும் ஹீலும் ஒரே உடம்பாக ஒட்டி வந்துவிடும். தையல் இல்லை, ஆணி இல்லை, விலையும் குறைவு. சூடான தரையும் இரும்புச் செதிலும் இருக்கும் இடத்தில் பாலியூரித்தேன் இளகும். 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை ஒரு நிமிடம் தாங்கும் நைட்ரைல் ரப்பர் அடி வைத்த ஷூவுக்குக் கூடுதல் விலை.

பாலியூரித்தேனுக்கு இன்னொரு பகையும் உண்டு. ஈரக்காற்று. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேனின் பிணைப்புகளைத் தண்ணீர் மெல்ல அறுக்கிறது. போடாமல் அலமாரியில் வைத்திருந்த ஷூகூடச் சில ஆண்டுகளில் பிஸ்கட் போல உதிர்வது இதனால்தான். கும்மிடிப்பூண்டியோ கடலுக்குப் பக்கம். அங்குள்ள தொழிலாளி ஒருவர் கழற்றிக் காட்டிய ஷூவில் வலது ஹீலின் வெளி ஓரம் முழுக்கச் சரிந்திருந்தது. இரும்புத் தொப்பி சேதமில்லை, மேல்தோலும் அப்படியே. அடுத்த ஜோடி கம்பெனியிலிருந்து வரும்வரை இதுதான் என்றார். எண்ணெய் சிந்திய தரையில் பாதி ஹீலோடு நடப்பது விபத்துக்குக் காத்திருப்பது. நாட்கூலி ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த ஜோடி எப்போது என்பதும் நிச்சயமில்லை.

இதைத் தீர்க்கும் அறிவு தொலைவில் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிறது. அடித்தோலைப் பிரித்து மறுபடி தைக்கத்தக்க குட்இயர் வெல்ட் முறையும் தொழிலுக்குத் தெரிந்ததே. அடையாற்றில் 1948இலிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் 1957இலிருந்து காலணிப் பயிற்சி நிலையம், இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்புக் கல்லூரி. 2022இல் தமிழ்நாடு அரசு காலணிக்கும் தோல் பொருட்களுக்குமென்று தனிக் கொள்கை வெளியிட்டது. சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் சோல், ஹீல், ஷீட், ஆணி எல்லாம் மூட்டையாகக் கிடைக்கும். பொதட்டூர்பேட்டைப் பெரியவரின் டாப் பீஸும் அங்கிருந்துதான் வருகிறது.

பிரான்ஸ் 2023இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஷூவைத் தூக்கிப் போடாமல் ஹீல் மாற்றினால் கூலியில் 7 யூரோவை அந்தத் திட்டம் ஏற்றுக்கொள்ளும் என்று அப்போது அறிவித்தார்கள். நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022இல் தொடங்கிய முயற்சி விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் என்ற நான்கு துறைகளைத் தேர்ந்துகொண்டது. காலணி அதில் இல்லை.

பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பழுதுபார்ப்பவரை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர் செய்கிறார்கள். வேலையோடு சேர்த்து இழிவையும் அவர்கள் தலையில் கட்டிய சமூகம் இது. பெரியவரின் பிள்ளைகள் யாரும் இந்தப் பெட்டியைத் தொடப்போவதில்லை. “நான் வெயில்ல உக்காந்தது போதும்” என்றார். அது முழுக்க நியாயம். ஆகவே இவரைப் போன்றவர்கள் என்றென்றும் தெருவோரத்தில் காத்திருப்பார்கள் என்று நம்பி ஷூ வரையக் கூடாது. நிழலும் இருக்கையும் முறையான கூலியும் உள்ள பழுதுபார்க்கும் இடம் தொழிற்சாலைக்குள்ளேயே, கருவிகள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கலாம். திருப்புளி பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யும்படி ஹீல் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஹீல் எப்படி இருக்கும் என்று பெரியவரிடமே கேட்டேன். சாக்கின்மேல் விரலால் வரைந்தார். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கட்டி ரப்பர், தனியாக. அது உட்காரச் சோலில் விளிம்பு வைத்த பள்ளம், பக்கவாட்டில் நகராமலிருக்க. திருகாணி ஓரத்தில் வேண்டாம், நடுவில் இரண்டு, தலை உள்ளே புதைந்து. தேய்ந்து ஒரு கோடு தெரிந்தால் மாற்றும் நேரம் வந்தது என்று அர்த்தமாகும்படி உள்ளே வேறு நிறத்தில் ஓர் அடுக்கு. வலது இடது ஒன்றுபோலவே இருக்கட்டும், அப்போதுதான் பாதி தேய்ந்ததும் காலை மாற்றிப் போட முடியும். எல்லாக் கம்பெனிக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத்தான் அழுத்திச் சொன்னார்.

பாதுகாப்பு ஷூவில் இதற்கு ஒரு நியாயமான தடை எழும். சான்று பெற்றது முழு ஷூ. அடியை மாற்றினால் அந்தச் சான்று செல்லுமா என்று கேட்பார்கள். எண்ணெய்த் தரையில் வழுக்குமா, மின்சாரத்தைக் கடத்துமா என்பதெல்லாம் அடி ரப்பரைப் பொறுத்தவை. எனவே மாற்று ஹீல் தட்டையும் ஷூவோடு சேர்த்தே சோதனைக்கு அனுப்பி, தட்டின்மேலும் முத்திரை பொறிக்க வேண்டியிருக்கும். கீழிருந்து ஆணி ஏறாமல் சோலுக்குள் வைக்கும் தகட்டைத் திருகாணி துளைக்காத அளவுக்குக் குட்டையாக இருப்பதும் முக்கியம். இவை ஆய்வகத்தில் தீரக்கூடிய கேள்விகள். தொழிலாளர்களுக்கு மொத்தமாக ஷூ வாங்கும் கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்று, ஹீல் தட்டு தனியே மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும், உதிரித் தட்டு மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று கொள்முதல் உத்தரவில் இரண்டு வரி சேர்த்தால், அதற்கு அச்சு வெட்டும் ஆட்கள் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கிறார்கள்.