கச்சேரி கேக்க வந்தீகளா?

போன பங்குனிப் பொங்கலின்போது நடந்தது இது. விஸ்வநத்தத்தில் எங்கள் தெருக் கோயிலில் ஏழு மணிக்குப் பூஜை, எட்டரைக்கு அம்மன் புறப்பாடு, பத்து மணிக்கு மேல் சினிமாப் பாட்டுக் கச்சேரி என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். புறப்பாட்டுக்கு முன்னால் நாதஸ்வரம் உண்டு. ஆனால் நோட்டீஸில் அதற்கு நேரமும் இல்லை, பேரும் இல்லை. ‘மங்கல வாத்தியம் முழங்க’ என்று அரை வரியில் முடித்திருந்தார்கள்.

வாசித்தவருக்கு அறுபது வயதிருக்கும். கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றபடி காம்போதியை ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல், கீழே இருந்து ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். மேல் ஸ்தாயிக்குப் போய் ஒரு ஸ்வரத்தில் நின்றார் பாருங்கள், அந்த நேரத்தில் பத்தடி தள்ளி ஒரு பேன்சி வெடி கிளம்பியது. டமார்!

அவர் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்தார். துண்டால் வாயைத் துடைத்தார். புகை அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்துக்கு வந்தார். மறுபடி ஒரு வெடி. மறுபடி துண்டு. மூன்றாவது தடவை அவர் காம்போதிக்குத் திரும்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போய் அந்தப் பையனிடம் கேட்டேன். “ஏன் தம்பி, ஒரு பத்து நிமிஷம் பொறுக்கக்கூடாதா? அவர் வாசிச்சுக்கிட்டு இருக்காருல்ல?”

பையனுக்கு இருபத்திரண்டு வயசுக்கு மேல் இராது. பட்டாசு ஆலையில் வேலை. மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்: “அய்யா, நீங்க கச்சேரி கேக்க வந்தீகளா, பொங்கல் பாக்க வந்தீகளா? இது என் சொந்தக் காசுய்யா. அம்மனுக்குப் போடுறேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. நாற்காலிக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

கச்சேரிகளில் கூட்டம் படுத்துகிற பாட்டைப் பற்றி என்னிடம் ஒரு தனிப் பட்டியலே உண்டு. ஓய்வு பெற்ற பிறகு ஏழெட்டு வருஷம் மார்கழிக்குச் சென்னை போய் மச்சினர் வீட்டில் தங்கிச் சபா சபாவாகக் கேட்டவன் நான். பக்கத்து நாற்காலிக்காரர் தாளம் போடுவார். அதுவும் தன் தொடையில் போதாமல் என் நாற்காலிக் கைப்பிடியிலும் போடுவார், அரை அட்சரம் தள்ளி. பின்வரிசையில் இரண்டு பேர் இது ஆனந்தபைரவியா ரீதிகௌளையா என்று பாட்டு முடியும்வரை வழக்காடுவார்கள். ஒரு அம்மாள் பாலிதீன் பையைப் பிரிப்பார். சத்தம் வரக்கூடாதே என்று மெதுவாகப் பிரிப்பார், அதனால் ஐந்து நிமிஷம் பிரிப்பார். கைபேசியை அணைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். அறிவிப்புக்குத் தலையாட்டியவருடைய பையிலிருந்தே விருத்தத்தின் நடுவில் மணி அடிக்கும். இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. முன்வரிசைக்காரர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார். பின்னால் இருக்கிறவன் மேடையையே சின்னத் திரையில்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் இதையெல்லாம் மிஞ்சிய ஒன்று உண்டு. பிரமுகர் வருகை. பாடகர் பல்லவியில் இருப்பார். வாசலில் கார் வந்து நிற்கும். முதல் இரண்டு வரிசை எழுந்துவிடும். பாட்டை நிறுத்தச் சொல்லி ஜாடை காட்டி, பொன்னாடை போர்த்தி, ‘இரண்டே வார்த்தை’ பேசச் சொல்வார்கள். அவர் இருபது நிமிஷம் பேசிவிட்டு, அடுத்த பாட்டு ஆரம்பிப்பதற்குள் கிளம்பிவிடுவார். அவரோடு பாதிக் கூட்டமும் போய்விடும்.

ஆனால் என் மனதை எப்போதும் உறுத்துவது தனி ஆவர்த்தனம்தான். இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். அந்த முறைப்படி பிரதான உருப்படி முடிகிற இடத்தில் தனி வருகிறது. அதுவரை ஒன்றரை, இரண்டு மணி நேரம் மிருதங்கக்காரர் அடுத்தவர் பாட்டுக்குத் தன் கையைக் கொடுத்தவர். அவருக்கென்று கிடைப்பது அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம். சரியாக அந்த நேரத்தில்தான் சபைக்குக் காபி ஞாபகம் வரும். அவர் முகத்துக்கு நேரே வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்றே இருந்தார். இப்போது எத்தனை மைக் வைத்தாலும் கான்டீனில் இருப்பவர்களுக்குத் தட்டு விழுகிற சத்தம்தான் கேட்கும்.

சரி, அப்படியானால் ஐரோப்பியர்கள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்வதுதான் மரியாதையா? நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒருவர் கிராமபோனில் சிம்பொனி வைத்துக் காட்டுவார். ஒரு பகுதி முடிந்ததும் நாங்கள் கைதட்டினோம். “காட்டுமிராண்டிகளே, முழுதும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும்” என்று திட்டினார். அதிலிருந்து எனக்கு, இசை என்றால் கோயில் கர்ப்பக்கிருகம் மாதிரி, மூச்சு விடவும் யோசிக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் விழுந்துவிட்டது.

பிற்காலத்தில் மொஸார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் படித்தேன். 1778 ஜூன் 18 அன்று பாரிஸில் அவருடைய புதிய சிம்பொனி அரங்கேறியது. முதல் பகுதியின் நடுவிலேயே ஓர் இடம் வந்ததும் ஜனங்கள் தட்டிவிட்டார்கள். அது பிடிக்கும் என்று தெரிந்துதான் அதை அவர் அங்கே வைத்திருந்தார். மறுபடியும் கொண்டுவந்தார், மறுபடியும் தட்டினார்கள். கடைசிப் பகுதியை வயலின்கள் மட்டும் மெல்ல ஆரம்பிக்கிற மாதிரி எழுதியிருந்தார். அப்போது கூட்டமே ஒருவருக்கொருவர் ‘உஷ்’ என்றதாம். உடனே எல்லா வாத்தியமும் சேர்ந்து முழங்கியதும் கை தட்டல். மொஸார்ட் சந்தோஷத்தில் நேரே பலே ரோயாலுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறார்! எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் மொஸார்ட்டின் ரசிகர்களையும் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியிருப்பார்.

நம்முடைய வழக்கமும் அதுதானே. நல்ல இடத்தில் ‘சபாஷ்’ என்போம், ‘ஆஹா’ என்போம். அதைக் கேட்டுப் பாடுகிறவர் இன்னும் இரண்டு பிடி கூடுதலாகக் கொடுப்பார். சத்தம் போடுவது குற்றமே இல்லை. அந்தச் சத்தத்தில் காது சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ‘சபாஷ்’ சொல்கிறவருக்குக் காது மேடையில் இருக்கிறது. எழுந்து கான்டீனுக்குப் போகிறவர் சத்தமே போடுவதில்லை. ஆனால் அவருக்குக் காது அங்கே இல்லை.

எல்லாப் பழியையும் கூட்டத்தின் தலையில் போடுவதும் நியாயமில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில் என்ன ஆயிற்று என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். கையில் டிக்கெட் வைத்துக்கொண்டே உள்ளே போக முடியாமல் பலர் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களிடம் சிலர் தவறாக நடந்துகொண்டதாகவும் புகார் வந்தது. உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரகுமானே கேட்டுக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சி. ஜனங்கள் தடுப்புகளைத் தாண்டி முன்னால் வந்து, நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. உட்கார இடமும் போக வழியும் சரியாக இல்லாத இடத்தில் ஒழுங்கை எதிர்பார்ப்பது கஷ்டம். நான் சொல்ல வருவது அந்தப் பெரிய கூட்டத்தைப் பற்றி அல்ல. உட்கார நாற்காலி கிடைத்த நம்மைப் பற்றித்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பகலில் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால், அது சோதனைக்குப் போடுகிற வெடியா, வேறு ஏதாவதா என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். இரண்டாவது வகை என்றால், பெண்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். யார் வீட்டு ஆள் எந்த ஆலையில் என்று மனசு கணக்குப் போடும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போன நாளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கத் தெரிந்த காதுகள் இவை. அந்தக் காதுகள் நாதஸ்வரத்துக்கு மட்டும் ஏன் அடைத்துக்கொள்கின்றன?

முன்பு அப்படி இல்லை என்பார் என் மாமனார். அவர் இந்த ஊர்க்காரர். நான் பெண் எடுத்து வந்து ஒட்டிக்கொண்டவன். காருகுறிச்சி அருணாசலம் வாசிக்கிறார் என்றால் வண்டி கட்டிக்கொண்டு போய், தெரு மண்ணில் துண்டை விரித்து விடியவிடியக் கேட்டதாகச் சொல்வார். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டிபோட்ட அதே நாதஸ்வரம். 1964-இல் அவர் காலமானபோது மாமனார் வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லையாம். கோவில்பட்டி பக்கம் போனால் அவருடைய சிலையைப் பார்க்காமல் மாமனார் திரும்பியதில்லை. ஒன்று அடிக்கடி சொல்வார். “அப்பவும் வேட்டு உண்டு மாப்பிள. ஆனா வேட்டுக்காரன் தவில்காரர் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பான். தீர்மானம் விழுந்த பெறகுதான் திரியில நெருப்பு வைப்பான்.”

இவ்வளவும் எழுதிவிட்டு, என் கணக்கையும் சொல்லாவிட்டால் நான் யோக்கியன் இல்லை.

2006-இல் என் மகள் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. நாதஸ்வரம் நான் ஏற்பாடு செய்ததுதான். நல்ல வித்வான், விசாரித்துப் பிடித்தேன். அவர் வாசித்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் முந்நூறு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். மெல்லிசைக்காரர்கள் பெட்டிகளோடு வந்து, “சார், மைக் டெஸ்ட் பண்ணணும், நேரமாச்சு” என்றார்கள். நான் வித்வான் பக்கம் திரும்பி, நின்ற இடத்திலிருந்தே கையை ஆட்டினேன். ‘போதும்’ என்று. ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் பியூன்களுக்கு ஜாடை காட்டிப் பழகிய கை.

அவர் ராகத்தின் நடுவில் இருந்தார். அந்தச் சங்கதியைக்கூட முடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, சீவாளியைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்தார். பின்னாலிருந்து “ஹலோ, ஒன் டூ த்ரீ” என்று மைக் அலறியது.

மறுநாள் முகூர்த்தத்தில் ஒரு குறையும் வைக்காமல் வாசித்தார். கெட்டிமேளம் நேரத்தோடு விழுந்தது. பணம் கொடுக்கும்போது, மனசு என்னவோ செய்ய, ஐந்நூறு ரூபாய் சேர்த்து வைத்தேன். எண்ணிப் பார்த்து அந்த ஐந்நூறைத் தனியாக எடுத்து என் கையில் திருப்பி வைத்தார். “பாதியில நிப்பாட்டினதுக்கு மேல எப்படிங்கய்யா கூடுதலா வாங்குறது?” என்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் வீட்டைத் தேடிப் போனேன். அவர் போய் நாலு மாசம் ஆகிவிட்டது என்றார்கள்.

அதனால்தான் அந்தப் பையன் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. அவனாவது அம்மனுக்கு வெடி போட்டான். நான் எதற்குக் கையை ஆட்டினேன்?

மறுநாள் சாயங்காலம் சீக்கிரமே கோயிலுக்குப் போய்விட்டேன். அந்தப் பையன் ஊதுபத்தியும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். “தம்பி, நேத்து கேட்டியே, ரெண்டுக்கும்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு, மாமனார் சொன்ன வேட்டுக்காரன் கதையைச் சொன்னேன். “அப்படியாய்யா?” என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நாதஸ்வரக்காரருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என்னையும் சேர்த்து நாலு பேர் கேட்டோம்; அதில் ஒருவர் பூக்கட்டுகிற அம்மாள். நேற்று விட்ட காம்போதியையே எடுத்தார். மேலே போய் அந்த ஸ்வரத்தில் நின்றார். எனக்குக் கழுத்துப் பின்னால் கூசியது, இதோ வெடிக்கப்போகிறது என்று. வெடிக்கவில்லை. என்னை மறந்து “சபாஷ்” என்றேன். அவர் கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் வாசித்திருப்பார்.

தவிலில் தீர்மானம் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பையன் தூரத்திலிருந்து ஊதுபத்தியைக் காட்டி, ‘இப்போ?’ என்று புருவத்தை உயர்த்தினான். “இப்போ போடுப்பா” என்றேன்.

நல்ல வெடி. ஊரே அண்ணாந்து பார்த்தது.