மாண்டவியின் இரு கரைகள்

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பணஜியில் இரண்டு வாரமாகத் தங்கி ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காப்பகம் கிடையாது. ஜூலை மாதத்துக் கோவாவில் மழை விடட்டும் என்று காத்திருப்பவர் அறையைவிட்டு வெளியேறவே முடியாது; ஆகவே குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். பழைய கோவா வரை பேருந்து, அங்கிருந்து ஃபெர்ரியில் மாண்டவியைக் கடந்து திவார் தீவு, மாலைக்குள் திரும்பிவிடுவது என்பதுதான் திட்டம். நண்பர்கள் சிலர் பயணக் குறிப்பு கேட்டிருந்தனர். எழுத அமர்ந்தபோது குறிப்பு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது; பொறுத்துக்கொள்ளவும்.

பழைய கோவாவில் எல்லோரும் இறங்குவது பொம் ஜீசஸ் பேராலயத்துக்கு. புனித சவேரியாரின் உடல் அங்கே இருக்கிறது. மழையில் அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்குச் சற்று வருத்தமாகவே இருக்கும். 1950களில் மேற்பூச்சை உரித்து எடுத்துவிட்டதால் செம்புரைக்கல் சுவர்கள் வெறுமையாக நின்று நீரை உறிஞ்சுகின்றன. கோவாவின் பழைய வீடுகளில் மழைக்காலம் வருமுன் செம்புரைச் சுவர்களுக்குப் பின்னிய தென்னங்கீற்றைத் தட்டியாகச் சார்த்துவார்கள். ஓலைக்கு இருந்த அறிவு பழமையை மீட்பதாக நினைத்துப் பூச்சை உரித்தவர்களுக்கு இல்லாமற்போனது. அது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி.

நான் பார்க்க விரும்பியது அதற்குக் கிழக்கே, சாலையோரத்தில், சுற்றுலாப் பேருந்துகள் நிற்காமல் கடந்துபோகும் ஒரு வாயிலை. புனித பவுல் கல்லூரியின் எச்சம் அது. ஒரு வளைவு, இரு பக்கமும் தூண்கள், மேலே வளர்ந்திருக்கும் புல், பின்னால் ஒன்றுமில்லை. கல்லூரி 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் அச்சு இயந்திரம் இயங்கிய இடம் இந்தக் கல்லூரி. 1556இல் லிஸ்பனிலிருந்து அபிசீனியாவுக்கென்று கப்பலேற்றப்பட்ட அந்த இயந்திரம் வழியில் கோவாவில் இறங்கி, இங்கேயே தங்கிவிட்டது. அவ்வாண்டே அதில் அச்சுவேலை தொடங்கியது.

தமிழ் படித்தவர்களுக்கு அடுத்த செய்தி மனப்பாடம். இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழ். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ் நூல். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே, என்றிக்கே என்றிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறு பக்கம். நம் பாடநூல்களில் இது பெருமையாக வரும், வரவேண்டியதுதான். ஆனால் அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்பதை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். ஜுவான் கொன்சால்வஸ் என்னும் இயேசுசபைச் சகோதரர் 1577இல் கோவாவில் முதல் தொகுதியை வார்த்தார். அது போதுமானதாக இல்லாததால் அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஜுவான் த ஃபாரியா மற்றொரு தொகுதியை வார்த்தார். நூலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வார்ப்புகளின் மாதிரியும், எது எந்த ஊரில் எந்த ஆண்டில் ஆனது என்ற குறிப்போடு, அச்சிடப்பட்டிருக்கிறது. தொழிலாளி தன் வேலையைக் கையொப்பமிட்டுக் காட்டுவதுபோன்ற அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஹார்வர்டு நூலகத்தில் இருக்கும் படியின் நகல் என் கைப்பேசியில் எப்போதும் இருக்கும்.

வாயிலின் கீழ் ஒதுங்கி நின்றேன். தமிழுக்கு ஈயத்தில் உருக்கொடுத்த ஊர் இது. உள்ளூர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, பேராலயம் அந்தப் பக்கம் என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

படகுத்துறைக்குப் போகும் சாலை வைஸ்ராய் வளைவின் ஊடே செல்கிறது. 1597இல் இங்கு வைஸ்ராயாக வந்த பிரான்சிஸ்கு த காமா, தம் கொள்ளுத்தாத்தா வாஸ்கோ த காமாவின் நினைவாகக் கட்டியது. அதன் பின் ஒவ்வொரு புதிய வைஸ்ராயும் ஆற்றிலிருந்து இறங்கி இதன் வழியாகவே நகருக்குள் நுழைந்தார். சரிந்து விழுந்ததை 1954இல் மறுபடி கட்டினார்கள். ஏழே ஆண்டுகளில் ஆட்சி முடியப்போகிறது என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. ஆற்றைப் பார்த்தபடி வாஸ்கோ நிற்கிறார். அவருக்குக் கீழே மீன்கூடையோடு இரண்டு பெண்கள் ஃபெர்ரிக்காக மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார்கள்.

ஃபெர்ரி என்பது தட்டையான அடியுள்ள இரும்புப் படகு. சாய்தளத்தை இறக்கியதும் முதலில் ஸ்கூட்டர்கள், பிறகு ஓரிரு கார்கள், இடையே கிடைத்த இடத்தில் மனிதர்கள். நடந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. திவாருக்குப் பாலம் கிடையாது. பால் பாக்கெட், சிமெண்ட் மூட்டை, கல்யாணக்காரர், நோயாளி எல்லாம் இந்தச் சாய்தளத்தின் வழியேதான். அன்று மாண்டவி செங்காவி நிறத்தில் பெருகி ஓடியது. எதிர்க்கரை மழைக்குள் மறைந்து, இயந்திரத்தின் அதிர்வு காலடியில் இல்லாவிட்டால் நகர்கிறோமா என்பதே தெரியாத நிலை.

என் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார், முழங்கால்வரைப் பூப்போட்ட கவுனில், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். பழைய கோவாவில் திருப்பலி முடிந்து வீடு திரும்புகிறார். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேச்சு நடந்தது. புத்தகம் கொங்கணி வழிபாட்டு நூல், ரோமன் எழுத்தில். என்ன படிக்கிறாய் பாபா என்றார். அச்சின் வரலாறு என்றேன். இன்னும் எளிதாகச் சொல்லவேண்டும் என்று தோன்றவே, கைப்பேசியில் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். இந்த எழுத்து என் மொழியின் எழுத்து ஆன்டி, உங்கள் ஊரில்தான் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வார்த்தார்கள் என்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “எங்கள் எழுத்தையும் செய்தார்களா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் தலையசைத்தார். தம் பேரன் பள்ளியில் கொங்கணியைத் தேவநாகரியில் படிக்கிறான், இந்தப் புத்தகத்தை அவனால் தட்டுத்தடுமாறித்தான் படிக்க முடிகிறது, அவன் பாடப்புத்தகத்தைத் தம்மால் படிக்கவே முடியாது என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். “உங்களுக்கு ஒரே எழுத்துதானா?” என்று மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். கொங்கணி இன்று தேவநாகரி, ரோமன், கன்னடம், மலையாளம், அரபு என்று ஐந்து எழுத்துகளில் எழுதப்படுகிறது. 1987ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தேவநாகரிக் கொங்கணியை ஏற்றது. ரோமன் எழுத்தில் எழுதியும் பாடியும் நாடகம் போட்டும் வாழ்ந்தவர்களுக்கு அதில் உள்ள மனக்குறை இன்றும் தீரவில்லை.

அவருடைய கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல் போதாது. கரை சேர்ந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோவாவில் உள்ளூர் மொழிகளில் நூல்கள் அச்சாகாமல் இல்லை. ஆங்கிலேயரான தாமஸ் ஸ்டீபன்ஸ் மராத்தியில் பாடிய ‘கிறிஸ்து புராணம்’ 1616இல் வந்தது. அவர் எழுதிய கொங்கணி இலக்கணம், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் பின், 1640இல் ராய்த்தூரில் அச்சாயிற்று. இரண்டும் ரோமன் எழுத்தில். தொழில்நுட்பக் காரணம் சொல்வார்கள்: நாகரியில் கூட்டெழுத்துகள் மிகுதி, வார்ப்பது கடினம், தமிழுக்கு எழுத்து குறைவு. சரிதான். ஆனால் அது பாதிக் காரணம் என்றே எனக்குப் படுகிறது. கோவாவில் அரசு கையெட்டும் தூரத்தில் இருந்தது. கோட்டையும் நீதிமன்றமும் விசாரணை மன்றமும் இருந்த ஊரில், மக்களைத் தம் எழுத்துக்கு இழுத்துவர முடியும் என்ற நம்பிக்கை ஆள்வோருக்கு இருந்தது. முத்துக்குளித்துறையில் அந்த வசதி இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் பரதவர்களிடையே வாழ்ந்த என்றிக்கஸ் அவர்களுடைய மொழியைக் கற்று, அவர்கள் ஏற்கெனவே வாசித்துவந்த எழுத்தை நோக்கி நடந்துபோக வேண்டியிருந்தது. பரதவரும் அச்சுவேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அதிகாரம் எட்டாத இடத்தில் எழுத்துக்கு மரியாதை கிடைத்தது; எட்டிய இடத்தில் கிடைக்கவில்லை. இதை ஆய்வேட்டில் இவ்வளவு துணிச்சலாக எழுத என் நெறியாளர் விடமாட்டார், இங்கே எழுதிவைக்கிறேன்.

எட்டிய இடத்தில் நடந்தது இது. 1684 ஜூனில் வைஸ்ராய் ஆல்வோர் பிரபு, கோவாவின் மக்கள் மூன்றாண்டுகளுக்குள் தம் மொழியைக் கைவிட்டுப் போர்த்துக்கீசியம் பேசவேண்டும் என்று ஆணையிட்டார். மூன்றாண்டு! ஒரு முனைவர் பட்டத்துக்கே போதாத காலம். ஆணை தோற்றது, அம்மையாரின் புத்தகமே சாட்சி. ஆனாலும் எழுத்தில் வளரவேண்டிய காலத்தில் அந்த மொழி சமையலறைக்கும் வயலுக்கும் ஒதுங்கியது. கோவாவின் அச்சும் 1670களோடு ஓய்ந்து, 1821இல்தான் மீண்டும் இயங்கியது. இந்த வரலாற்றைத் தொகுத்து, ஸ்டீபன்சின் இலக்கணத்தை 1857இல் மறுபதிப்பு செய்து, கொங்கணிக்காக வாதாடியவர் குன்ஹா ரிவாரா. அவர் போர்த்துக்கீசியர், அதே அரசின் தலைமைச் செயலர். வரலாறு நம் வசதிக்கேற்ப ஆட்களைப் பிரித்துத் தருவதில்லை.

தீவைப் பற்றிச் சொல்லவேண்டும். இறங்கியதும் இருபுறமும் கஸான் நிலங்கள், அதாவது உப்புநீர் ஏறும் சதுப்பைக் கரைகட்டி மீட்ட வயல்கள். அலை ஏறும்போது மூடி, இறங்கும்போது திறக்கும் மரக்கதவு வைத்த மதகுகள்தாம் அவற்றின் உயிர். போர்த்துக்கீசியர் வருவதற்கு மிக முன்பே கிராமச் சமூகங்கள் உருவாக்கிய ஏற்பாடு. நடவு நடந்துகொண்டிருந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் தாளை முதுகில் போர்த்திய பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். பியதாதே குன்றின்மீது வெண்ணிறத் தேவாலயம். அங்கிருந்து பார்த்தால் வெயில் நாளில் பழைய கோவாவின் கோபுரங்கள் தெரியுமாம். அன்று எனக்குத் தெரிந்தது வெள்ளைத் திரை.

ஸ்கூட்டரில் வந்த இளைஞர் ஒருவர் நரோவா வரை ஏற்றிச்சென்றார். தீவின் வடகிழக்கு முனை. இங்கேதான் கோவாவின் கடம்ப மன்னர்களுடைய குலதெய்வமான சப்தகோடீசுவரர் இருந்தார். அந்த மன்னர்களின் பொற்காசுகளில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கோயில் இடிக்கப்பட்டது. இலிங்கத்தை யாரோ இரவோடிரவாகப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோனார்கள் என்பது மரபு. அக்கரை போர்த்துக்கீசிய எல்லைக்கு வெளியே. கோவா முழுவதும் இப்படித்தான்: மங்கேசர் ஜுவாரியைக் கடந்து பிரியோலுக்குப் போனார், சாந்ததுர்க்கை கவளேக்குப் போனாள். இன்று காசு வாங்காமல் நம்மை ஏற்றிக்கொள்ளும் இதே நீர்வழிகளில் ஒருகாலத்தில் ஆறுதான் எல்லைக்கோடு. அதைக் கடப்பது உயிரோடு விளையாடுவது. ஃபெர்ரிகளைப் பார்க்கும்போது நான் இதை மறக்க முயல்வதில்லை.

நரோவாவிலிருந்து அடுத்த ஃபெர்ரி நார்வேக்கு. ஐந்து நிமிடத்தில் அக்கரை. சற்றுத் தூரம் நடந்தால் மரங்களுக்கிடையே கோயில். சிறியது, அண்மையில் புதுப்பித்தது, முன்னால் விளக்குத் தூண். 1668இல் சிவாஜியின் ஆணைப்படி கட்டியது. வாயிலின் மேல் அதைச் சொல்லும் கல்வெட்டு. நாகரி எழுத்து.

குடையை மடக்கிவிட்டுக் கீழே நின்று படித்தேன். 1668, ஆணைக்குப் பதினாறு ஆண்டு முன்பு. ஆற்றின் அந்தப் பக்கம் ஈயத்தில் வார்க்கப்படாத எழுத்து, இந்தப் பக்கம் கல்லில் இருக்கிறது. எழுத்துகளின் பள்ளங்களில் நீர் தேங்கி வழிந்துகொண்டிருந்தது. ஆண்டைக் குறிக்கும் சொல்லைக் கண்டுபிடித்து வாய்விட்டுப் படித்தபோது, உள்ளேயிருந்து அர்ச்சகர் எட்டிப்பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். தமிழ்நாடு என்றேன். ஒரு வாழைப்பழத்தையும் கொஞ்சம் குங்குமத்தையும் கையில் வைத்து, மழை வலுக்கிறது, ஃபெர்ரி நின்றாலும் நின்றுவிடும், சீக்கிரம் போங்கள் என்றார்.