கால்வாய்க் கரையில் ஒரு பகல்

நடை நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஹதீஸ் கலை மேதை அபூஹாத்தம் அர்ராஸீ (ரஹ்) அவர்கள் கல்வி தேடிக் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார்கள். ஆயிரம் பர்ஸக் தூரம் வரை கணக்கு வைத்திருந்து, பின்னர் எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். இதனை மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் எவ்வித அலுவலுமின்றி, ஒரு பெருநகரின் குறுக்கே பகல் முழுவதும் நடப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களை இலண்டனில்தான் கண்டேன்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் மகனைக் காண அங்குச் சென்றிருந்தேன். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்த ஆங்கிலேயர். மனைவியை இழந்து தனித்து வாழ்பவர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவரும் என் மகனும் இவ்வாறு நடப்பது வழக்கமாம். "வாப்பா, நீங்களும் வாருங்கள்" என்றான். இசைந்தேன். வழியில் மூன்று 'பப்'களில் அமர்ந்து இளைப்பாறுவார்கள் என்பது புறப்பட்ட பின்னரே தெரிந்தது. நம்மூர் மதுக்கடையைப் போலன்றி, அங்கே உணவு உண்ணவும் ஊர்க்கதை பேசவும் குடும்பத்தோடு வருவார்களாம். இருப்பினும் மதுக்கடை மதுக்கடைதானே!

நாங்கள் நடந்தது ரீஜண்ட் கால்வாயின் கரையில். 1820ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட அக்கால்வாய், லிட்டில் வெனிஸ் என்னுமிடத்தில் தொடங்கி லைம்ஹவுஸ் துறையில் முடிகிறது; நீளம் சுமார் 14 கிலோமீட்டர். படகுகளை மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் படிப்படியாக இறக்கும் இரட்டைக் கதவு மதகுகள் 12 உள்ளன. அக்காலத்தில் படகுகளை இழுத்துச் சென்ற குதிரைகளுக்காகப் போட்ட பாதையே இன்று நடப்போருக்குப் பாதையாயிற்று.

நடையோடு ஒரு விளையாட்டும் சேர்ந்திருந்தது. அதனை 'ஜியோகேச்சிங்' என்கிறார்கள். ஒருவர் சிறு பெட்டியொன்றை எங்கேனும் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வெளியிடுவார். மற்றவர்கள் கைப்பேசியில் செயற்கைக்கோள் காட்டும் வழியே சென்று அதைத் தேடிக் கண்டு, உள்ளிருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, மீண்டும் அங்கேயே மறைத்துவிட வேண்டும். அமெரிக்க அரசு, தன் செயற்கைக்கோள் குறிகளில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் முதற்பெட்டி மறைத்து வைக்கப்பட்டதாம். ஓர் ஊரின் 'தூலை'யும் 'அர்ளை'யும் துல்லியமாகக் காண்பது குறித்து அல்பீரூனீ 1025ஆம் ஆண்டளவில் ஒரு நூலே இயற்றினார். கஜ்னாவின் கிப்லாத் திசையை அறிவது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. அக்கணக்கு இன்று விளையாட்டுக்கும் பயன்படுவது கண்டு வியந்தேன்.

ரீஜண்ட் பூங்காவை ஒட்டி மத்தியப் பள்ளிவாசல் இருக்கிறது. 1944இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அங்கு இஸ்லாமியக் கலாச்சார நிலையத்தைத் திறந்து வைத்தார். பொன்னிறக் குவிமாடத்துடன் கூடிய இன்றைய கட்டடம் 1977இல் நிறைவுற்றது. கரையிலிருந்து மேலேறிச் சென்று இரண்டு ரக்அத் தொழுதேன். அப்பெரியவர் தயங்காமல் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் அமைதியாக அமர்ந்திருந்தார்.

கேம்டனில் முதல் பப் வந்தது. நான் வெளியே கரையோரத்துப் பலகையில் அமர்ந்துகொண்டேன். மது புழங்கும் விரிப்பில் அமர வேண்டாமெனத் தடுக்கும் நபிமொழியைச் சொல்லிக் கொடுத்தவன், தானே போய் உட்காரலாமா? மகன் எனக்குத் தேநீர் கொணர்ந்து தந்துவிட்டு உள்ளே திரும்பினான். கதவு திறந்து மூடிய அவ்விடைவெளியில் அவன் கேட்டது காதில் விழுந்தது. முதற்சொல் சந்தடியில் கரைந்தது. "பீர்" என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. கண்ணாடி வழியே பார்த்தேன். அவன் கையிலிருந்த குவளையில் மங்கிய மஞ்சள் நிறப் பானம்.

தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. ஆறு ஆண்டுகள் அயல்நாட்டில் தனித்திருந்தவன் அல்லவா? மனம் அன்று தேடத் தொடங்கியதெல்லாம் சான்றுகளைத்தான். அவன் சிரித்தால் அதற்கொரு காரணம் கற்பித்தேன். கல்லில் கால் இடறினால் அதற்கும் ஒன்று.

இஸ்லிங்டனில் கால்வாய் ஏறத்தாழ 880 மீட்டர் நீளச் சுரங்கத்துள் புகுந்துவிடுகிறது. உள்ளே நடைபாதை இல்லை. முற்காலத்தில் குதிரையை அவிழ்த்து மேட்டின் மேலே தெருவழியே நடத்திச் செல்ல, படகோட்டிகள் படுத்தவாறே சுவரைக் காலால் உந்திப் படகைக் கடத்துவார்களாம். நாங்களும் தெருவழியே சென்றோம். இரண்டாவது பப் அங்குதான். இம்முறை கண்ணாடிப் பக்கம் திரும்பவும் அஞ்சினேன்.

பிற்பகல் விக்டோரியா பூங்காவில் லுஹர் தொழுதோம். மகன் போத்தல் நீரில் உளூச் செய்துவிட்டு என் பின்னே வந்து நின்றான். போதையில் தொழுகையை அணுகக் கூடாதென்ற கட்டளை நினைவிற்கு வந்தது. கேட்டுவிடலாமா என்று நா துடித்தது; கேட்கவில்லை. தக்பீர் கட்டினேன். இத்தனை ஆண்டுகளில் அத்தனை உள்ளச்சம் இழந்து நான் தொழுத தொழுகை வேறொன்றில்லை.

லைம்ஹவுஸை நெருங்கியபோது பெரியவர் ஒரு செய்தி சொன்னார். கப்பல்களில் கூலிக்கு வந்து கைவிடப்பட்ட இந்தியக் கப்பலாட்கள் முதலியோர் தங்குவதற்காக 1857இல் இப்பகுதியில் ஒரு விடுதி திறக்கப்பட்டதாம். அவர்களை 'லஸ்கர்' என்பார்கள். பாரசீகத்தின் 'லஷ்கர்' என்னும் சொல்லின் வழி வந்தது. அவர்களைப் பெற்றவர்களும் என்னைப் போலத்தானே கலங்கியிருப்பார்கள்!

மூன்றாவது பப்பில் கை கால் கழுவ வேண்டி நானே உள்ளே போக நேர்ந்தது. திரும்பி வருகையில் பெரியவர், "மகன் குடிப்பதைச் சுவைத்துப் பாருங்கள், இஞ்சி உங்களுக்கு நல்லதல்லவா?" என்று ஒரு போத்தலை நீட்டினார். 'ஜிஞ்சர் பீர்' என்றிருந்தது. கீழே, மதுச்சத்து அற்றது என்று அச்சிட்டிருந்தது. சர்க்கரையும் இஞ்சியும் சேர்ந்த பானம். இலங்கையில் நம்மவர்கள் வீடுகளிலும் விரும்பி அருந்துவதாகப் பின்னர் அறிந்தேன். "ஆறு ஆண்டுகளாக இதைத் தவிர வேறு எதையும் இவர் இங்கே தொட்டதில்லை" என்றார் அவர், வெகு இயல்பாக.

பெயர் ஒன்றை ஹராமாக்காது, பொருளே ஆக்கும் என்று மாணவர்களிடம் வற்புறுத்தியவன் நான். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை ஓதி, தீய எண்ணமும் துருவி ஆராய்தலும் தடுக்கப்பட்டவை என்று விளக்கியவனும் நானே. அவ்விரண்டையும் ஒரே பகலில், பெற்ற மகனிடமே செய்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அவன் கையைப் பற்றி நடந்ததைச் சொன்னேன், பொறுத்துக்கொள் என்றேன். அவன் கண் கலங்கிற்று. சினக்கவில்லை. "கேட்டிருக்கலாமே, வாப்பா!" என்றான்.

அவ்வளவுதான். ஐயுறுவதற்கும் வாய்மூடிக் கிடப்பதற்கும் இடையே மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அது அன்போடு கேட்பது. துருவி ஆராய்வதைத்தான் மார்க்கம் தடுத்தது, முகம் பார்த்துக் கேட்பதை அன்று. பிள்ளைகளைத் தொலைதூரம் அனுப்பிவிட்டு, தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்பதற்கு மேல் எதையும் கேட்க அஞ்சும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்!

அத்தகைய இடத்தில் போய் அமர்வதையும் விட்டுவிடுவதே பேணுதல் என்று அவனிடம் சொன்னேன். "தனித்திருக்கும் கிழவரை எப்படி விடுவது?" என்றான். அதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இன்றும் உண்டு. ஆனால் அது வெளிப்படையாகப் பேசப்படுகிறது.

கடைசிப் பெட்டி, துறையோரத்து இரும்புக் கிராதியின் அடியில் காந்தத்தால் ஒட்டியிருந்தது, விரல் நுனியளவுதான். எத்தனையோ பேர் அதன்மேல் கை வைத்தவாறே நின்று சென்றிருப்பார்கள். மகன் அச்சிறு தாளை விரித்துத் தன் பெயருக்கு மேலே என் பெயரைத் தமிழில் எழுதினான்.